விண்வெளிக்குப் போன பழைய சாகசக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் அறிவியல் புனைகதை படிக்கிற நண்பர்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுவோம். சில நாள் கடற்கரைச் சாலையில், சில நாள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில். புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேட்பது ஒரு வகை நாவல்களைப் பற்றித்தான்: ராபின்சன் குருசோ, மாண்டி கிறிஸ்டோ, மோபி டிக் மாதிரியான பழைய சாகசக் கதைகளை எடுத்து, வேற்றுக் கிரகத்திலோ எதிர்காலத்திலோ மறுபடியும் நடக்கவிடும் நாவல்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் சொல்லவில்லை. நடுக்கதை கொஞ்சம் வரும், அது இல்லாமல் பேச முடியாது.

கப்பலை எடுத்துவிட்டு ராக்கெட்டை வைப்பது, அவ்வளவுதானே?

மோசமான நாவல்களில் அவ்வளவுதான். தீவு கிரகமாகும், கடற்கொள்ளைக்காரன் விண்வெளிக் கொள்ளைக்காரன் ஆவான், வாள் லேசர் துப்பாக்கி ஆகும். ஐம்பது பக்கத்தில் கொட்டாவி வந்துவிடும்.

நல்ல நாவலில் நடப்பது வேறு. பழைய கதையில் கடல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. ஆளைத் தனிமைப்படுத்தியது, உதவியைத் தாமதப்படுத்தியது, தப்பிக்கும் வழியை அடைத்தது. அந்த வேலையைப் புதுக் கதையில் அறிவியல் செய்ய வேண்டும். செய்தால் கதை நிற்கும், செய்யாவிட்டால் வெறும் வேஷம். நான் எந்த மறு ஆக்கத்தையும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

அதற்கு எதற்கு விண்வெளி வரைக்கும் போக வேண்டும்? பூமியிலேயே எழுதலாமே?

இதற்குப் பதில் நம்ம ஊர்க் கடலிலேயே இருக்கிறது. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் பெரிய கடற்போர் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரெனிடம் 15 போர்க்கப்பல்கள், ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18. கரையில் ஆங்கிலேயப் படை கடலூரை முற்றுகையிட்டிருந்தது; உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். ஆனால் இரண்டு அரசுகளும் அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் தேதியே ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தன. அந்தச் செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர ஜூன் மாதக் கடைசி ஆகிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்பே சமாதானம் ஆகிவிட்ட இரண்டு நாடுகள் நம் கரைக்கு முன்னால் பீரங்கியால் அடித்துக்கொண்டன.

பழைய சாகசக் கதைகள் மொத்தமும் இந்தத் தாமதத்தின் மேல்தான் நின்றன. மேலிடத்தைக் கேட்க வழியில்லாத கப்பல் தலைவன், தான் உயிரோடு இருப்பதை ஊருக்குச் சொல்ல முடியாத மாலுமி, ஆண்டுக்கணக்கில் மறைந்துபோய்த் திரும்பி வருகிறவன். இன்றைக்கு வங்கக் கடலில் படகு தத்தளித்தால் செயற்கைக்கோள் வழியே இடம் தெரிந்துவிடும். நல்லதுதான். ஆனால் அந்தக் கதைக்கு பூமியில் இடம் குறைந்துபோனது.

விண்வெளி அந்தத் தாமதத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. செவ்வாய்க்கு ஒரு செய்தி போக, இரண்டு கிரகங்களும் அப்போது இருக்கும் தூரத்தைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வர அதே நேரம். சூரியனுக்கு அடுத்துள்ள நட்சத்திரத்துக்கு நாலு ஆண்டுக்கு மேல். ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்ற இயற்பியல் விதி, பாய்மரக் காலத்துத் தனிமையை அப்படியே மறுபடி கொண்டுவந்துவிடுகிறது.

எதில் தொடங்கலாம்?

ஆண்டி வியர் எழுதிய ‘த மார்ஷியன்’. முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார், 2011இல் தானே மின்னூலாக வெளியிட்டார், 2014இல் பெரிய பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது. செவ்வாயில் தவறுதலாக விடப்பட்ட மார்க் வாட்னி என்ற விண்வெளி வீரர் ஒன்றரை ஆண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கதை. கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் தனியே ஒதுங்கியவனைப் பற்றி டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய ‘ராபின்சன் குருசோ’வின் நேர் வாரிசு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். குருசோ முதலில் செய்வது என்ன? உடைந்த கப்பலுக்குத் தெப்பம் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போய், கருவிகள், வெடிமருந்து, பாய்த்துணி, ரொட்டி என்று ஒன்று விடாமல் கரைக்குக் கொண்டுவருகிறான். வாட்னியும் தன் கூடாரத்தில் என்ன மிச்சம் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறார். குருசோ ஒரு பையைக் காலி செய்ய உதறியபோது சிதறிய உமியில் கிடந்த சில மணிகள் மழைக்குப் பிறகு பார்லியாக முளைக்கின்றன. வாட்னிக்கு, நன்றி அறிவித்தல் நாள் விருந்துக்கென்று அனுப்பிவைத்த பச்சை உருளைக்கிழங்குகள். குருசோ நாட்குறிப்பு எழுதுகிறான், வாட்னி பதிவேடு எழுதுகிறார்.

ஆனால் நாவல் உயரும் இடம் ஒற்றுமையில் இல்லை. குருசோவின் தீவில் காற்று சும்மா கிடைத்தது, தண்ணீர் ஓடியது, மழை பெய்தது. செவ்வாயில் எதுவும் சும்மா கிடைக்காது. உருளைக்கிழங்கு வளர மண்ணில் நுண்ணுயிர் வேண்டும். வாட்னி மனிதக் கழிவை எருவாக்குகிறார். தண்ணீர் வேண்டும், ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைச் சிதைத்து ஹைட்ரஜன் எடுத்து, அதை ஆக்சிஜனோடு எரித்துத் தண்ணீர் செய்கிறார். அந்த வேலையில் கூடாரத்துக்குள் ஹைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகிறது என்பது அவருக்கே பிறகுதான் உறைக்கிறது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது கையெல்லாம் வேர்க்கும். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே வேர்க்கும்.

குறை ஒன்று உண்டு. கதையைத் தொடங்கிவைக்கும் பெரும் புயல் செவ்வாயில் சாத்தியமில்லை. அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான், அதனால் எவ்வளவு வேகமாக வீசினாலும் பெரிதாகத் தள்ளாது. எழுத்தாளரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அது இடைஞ்சலாக இல்லை.

சினிமா பார்த்துவிட்டேன். புத்தகம் அவசியமா?

‘த மார்ஷியன்’ விஷயத்தில் அவசியம். 2015இல் வந்த படம் நல்ல படம்தான், ஆனால் கணக்குகள் பெரும்பாலும் போய்விட்டன. இந்தக் கதையில் கணக்குதான் வில்லன்.

மூலத்தைப் படிக்காமல் நேராக இதைப் படிக்கலாமா?

தாராளமாக. பெரும்பாலானவற்றுக்கு மூலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே விதிவிலக்காக ‘மாண்டி கிறிஸ்டோ’வைச் சொல்வேன். அதை முதலில் படித்துவிட்டால் அடுத்த பதிலில் வரும் நாவல் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். சுருக்கப் பதிப்பு போதும்.

இந்த வகையில் ஆகச் சிறந்தது எது?

என் பதில் மாறியதே இல்லை: ஆல்ஃபிரட் பெஸ்டர் 1956இல் வெளியிட்ட ‘த ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்’. இங்கிலாந்தில் ‘டைகர்! டைகர்!’ என்ற பெயரில் வந்தது.

முதலில் இதற்கு மூலமான பழைய கதை, ‘மாண்டி கிறிஸ்டோ’. அலெக்சாந்தர் துய்மா 1844 முதல் 1846 வரை பாரிஸ் பத்திரிகையில் தொடராக எழுதியது. எட்மோன் தான்தேஸ் என்ற இளம் மாலுமியைப் பொறாமைக்காரர்கள் பொய்ப்புகாரில் மாட்டிவிடுகிறார்கள். மார்செய் துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் ஷத்தோ தீஃப் கோட்டையில் 14 ஆண்டு சிறை. நம்ம புதுச்சேரிக் குடும்பங்களில் பலருடைய தாத்தாமார்கள் பிரான்சுக்குக் கப்பலேறிப் போய் இறங்கியது அதே மார்செய்தான். அந்தக் கோட்டையைக் கடந்துதான் துறைமுகத்துக்குள் போயிருப்பார்கள். சிறையில் பரியா என்ற பாதிரியார் அவனுக்குக் கல்வியும் புதையல் ரகசியமும் கொடுக்கிறார். தப்பித்து வந்து பெரும் பணக்காரப் பிரபுவாக மாறி ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறான்.

பெஸ்டரின் நாயகன் கலி ஃபாயில். படிப்போ லட்சியமோ இல்லாத கடைநிலைக் கப்பல் தொழிலாளி. நோமாட் என்ற கப்பல் சிதைந்துபோய், அதில் காற்றுப் பிடித்து நிற்கும் ஒரு சின்ன அலமாரி அறைக்குள் 170 நாள் ஒண்டிக் கிடக்கிறான். ஒருநாள் வோர்கா என்ற கப்பல் பக்கத்தில் வருகிறது. அவன் அபாய விளக்கைக் காட்டுகிறான். அது பார்த்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. அந்த நொடியில் அவனுக்குள் பற்றிக்கொள்ளும் கோபம்தான் நாவல் முழுவதும்.

இப்போது அளவுகோலுக்கு வருவோம். இந்த நாவலின் உலகத்தில் மனிதர்கள் நினைத்த மாத்திரத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் தாவ முடியும். ஜாண்ட் என்று அதற்குப் பெயர். அதிகபட்சம் ஆயிரம் மைல், விண்வெளியைக் கடக்க முடியாது. அப்புறம் முக்கியமான நிபந்தனை: புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் மனக்கண்ணில் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சரி, அப்படிப்பட்ட உலகத்தில் ஒரு ஆளை எப்படிச் சிறையில் வைப்பது? சுவர் எதற்கு உதவும்? பெஸ்டர் கொடுத்த பதில், இருட்டு. மலைக்கு அடியில் ஆழமான குகைச் சிறை. கைதிகள் துளி வெளிச்சத்தையும் பார்க்கக்கூடாது. தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாதவனால் தாவ முடியாது. துய்மாவின் கோட்டையைக் கடல் காவல் காத்தது. பெஸ்டரின் சிறையை அறியாமை காவல் காக்கிறது. பரியா பாதிரியாரின் இடத்தில், குகைச் சுவர்களின் விசித்திரமான ஒலி அமைப்பு வழியே எங்கிருந்தோ கேட்கும் ஒரு பெண்ணின் குரல் வந்து அவனுக்குப் பாடம் நடத்துகிறது.

ஒரு வாசகனாக நான் கேட்பது இதைத்தான். ஒரே ஒரு புது விதியைக் கொண்டுவந்து, அந்த விதியால் சிறை, திருட்டு, செல்வம், வீட்டுக் கதவு எல்லாமே எப்படி மாறும் என்று கடைசி வரை யோசித்திருக்கிறார்.

ஃபாயிலின் முகத்தில் பச்சை குத்தப்பட்ட புலி மாதிரியான கோடுகளையும் சொல்லியாக வேண்டும். பிறகு அழித்துவிடுகிறார்கள், ஆனால் கோபம் வந்து ரத்தம் ஏறும்போது மட்டும் தழும்பு சிவந்து வெளியே தெரியும். பிரபு வேஷத்தில் விருந்துகளில் உலவும் பழிவாங்கி, உணர்ச்சிவசப்பட்டால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். துய்மாவின் நாயகனுக்கு இல்லாத ஆபத்து இது. பெஸ்டர் அவனுக்குத் தன்னடக்கத்தைக் கட்டாயப் பாடமாக்கிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. ஃபாயில் நல்லவன் இல்லை. ஒரு பெண்ணுக்கு அவன் இழைக்கும் வன்கொடுமை கதையில் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

பழைய சாகசக் கதைகளில் வெள்ளைக்காரத் திமிர் நிறைய இருக்கிறதே? அதை என்ன செய்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். குருசோ கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியது, ஆப்பிரிக்காவுக்கு அடிமைகளைப் பிடித்துவரப் போன பயணத்தில். பிறகு தான் காப்பாற்றிய மனிதனுக்கு ஃப்ரைடே என்று பெயர் வைத்து, தன்னை ‘எஜமான்’ என்று அழைக்கச் சொல்லிக்கொடுக்கிறான். அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்று கடைசி வரை கேட்பதில்லை. 18ஆம் நூற்றாண்டில் நம் கரையிலிருந்தும் ஆட்களைப் பிடித்து மொரீஷியஸுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றியிருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு யாரோ எவரோ கதை இல்லை.

‘த மார்ஷியன்’ இந்தச் சிக்கலைத் தாண்டிப் போய்விடுகிறது. செவ்வாயில் யாருமே இல்லை, அதனால் ஃப்ரைடேயும் இல்லை. வசதியான தீர்வு; ஆனால் பதில் இல்லை.

நேருக்கு நேர் பதில் சொன்னது பாரி லாங்இயர் 1979இல் எழுதிய ‘எனிமி மைன்’ என்ற குறுநாவல். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளையும் வாங்கியது. மனிதர்களுக்கும் டிராக் என்ற வேற்றுலக இனத்துக்கும் போர். இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கொரு விமானி ஆளில்லாத கிரகத்தில் மோதி விழுகிறார்கள். பேரலைகள் வந்து அடிக்கும் கரை, கொல்லும் குளிர்காலம். முதலில் ஒருவரையொருவர் கொல்லப் பார்க்கிறார்கள், பிறகு ஒருவர் இல்லாமல் இன்னொருவர் பிழைக்க முடியாது என்றாகிறது. யாரும் யாருக்கும் எஜமான் இல்லை. மனிதன் அந்த இனத்தின் மொழியைக் கற்கிறான், அவர்களுடைய வேதத்தை மனப்பாடம் செய்கிறான். டிராக் இனத்தில் ஒவ்வொருவரும் தம் வம்சாவளியைச் சபை முன் நின்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லியாக வேண்டும். ஒரு கட்டத்தில் அந்த வம்சாவளியை ஒரு மனிதன் வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை வருகிறது. இருநூற்றறுபது ஆண்டு கழித்து ஃப்ரைடேக்குக் கிடைத்த நியாயம் என்று நான் இதைச் சொல்வேன்.

கடற்போர்க் கதைகள் பிடிக்கும். அந்த மாதிரி?

டேவிட் வெபரின் ஹானர் ஹாரிங்டன் வரிசை. முதல் நாவல் ‘ஆன் பாசிலிஸ்க் ஸ்டேஷன்’, 1993. சி.எஸ். ஃபாரஸ்டர் எழுதிய, ஹொரேஷியோ ஹார்ன்புளோயர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் கதைகளிலிருந்து வந்தது, இரண்டு நாயகர்களின் முதலெழுத்துகளும்கூட ஒன்றே. கப்பலின் மேலும் கீழும் ஈர்ப்பு விசைத் தகடு மூடிக் காக்கும், பக்கவாட்டில் அதைவிடப் பலவீனமான தடுப்புதான், முன்னும் பின்னும் திறந்தே கிடக்கும் என்று வெபர் ஒரு இயந்திர விதி வைத்திருக்கிறார். விளைவு, விண்கப்பல்களும் சூஃப்ரென் காலத்துக் கப்பல்கள் மாதிரி வரிசை கட்டிப் பக்கவாட்டில் நின்று சுட வேண்டியிருக்கிறது. உத்தி அருமை. ஆயுத விவரங்கள் மட்டும் பக்கம் பக்கமாக நீளும், தள்ளிக்கொண்டே படிக்கலாம்.

மோபி டிக்?

சைனா மியெவில் 2012இல் எழுதிய ‘ரயில்சீ’. உலகம் முழுக்கக் கடலுக்குப் பதில் தண்டவாளங்கள். எங்கே பார்த்தாலும் பின்னிப் பிணைந்து கிடக்கும் இருப்புப் பாதை. தரையில் கால் வைத்தால் மண்ணுக்கடியில் வாழும் ராட்சத விலங்குகள் இழுத்துக்கொள்ளும். ரயில்கள்தாம் கப்பல்கள். ஒரு பெண் தலைவி, தன் கையைப் பறித்த மாபெரும் வெளிர்நிற அகழெலி ஒன்றைத் தேடி அலைகிறாள். இந்த உலகத்தில் பேர்பெற்ற ரயில் தலைவர்கள் ஆளுக்கொரு விலங்கைத் துரத்துகிறார்கள், அந்தத் துரத்தலைத் தங்கள் ‘தத்துவம்’ என்றே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1851இல் மெல்வில் ‘மோபி டிக்’கில் எழுதியது, தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்தும் ஒரு மனிதனின் வெறி; அது இங்கே ஒரு சமூகத்தின் பழக்கமாகியிருக்கிறது.

நடை முதலில் கரடுமுரடாக இருக்கும். இரண்டு அத்தியாயம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தானாக ஓடும்.

பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளுக்கு?

ராபர்ட் ஹைன்லைனின் ‘சிட்டிசன் ஆஃப் த கேலக்ஸி’, 1957. கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் லாகூர் தெருவில் வளரும் அநாதைச் சிறுவன் ஒற்றனாகிறான். ஹைன்லைனிடம் அவன் தோர்பி. தொடக்கக் காட்சியில் அடிமைச் சந்தையில் ஏலம் விடப்படும் அவனை ஒரு பிச்சைக்காரர் அற்பக் காசுக்கு வாங்குகிறார். அந்தப் பிச்சைக்காரர் யார் என்பது போகப் போகத் தெரியும். அந்த வேற்றுக் கிரகத் தலைநகரின் பெயர் ஜபல்பூர்! கிம் பிறந்த நாட்டுக்கு ஹைன்லைன் வைத்த வணக்கம் அது. அடிமைத்தனத்தை இவ்வளவு கோபத்தோடு எதிர்க்கும் சிறுவர் நாவல் அந்தக் காலத்தில் அரிது.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு ரிக் ரியோர்டனின் ‘டாட்டர் ஆஃப் த டீப்’, 2021. ஜூல் வெர்ன் படைத்த நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் கேப்டன் நெமோவின் வம்சத்தில் வந்த அனா தக்கர் என்ற இந்திய வம்சாவளிச் சிறுமிதான் நாயகி.

நெமோ இந்தியரா?

ஆமாம், அதிலும் விடுதலை வீரர். ஜூல் வெர்ன் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் நெமோவின் ஊரைச் சொல்லவில்லை. முதலில் அவரை ரஷ்யாவை எதிர்க்கும் போலந்துக்காரராக வைக்கத்தான் நினைத்தார்; பதிப்பாளர் எட்செல் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு 1875இல் முடிந்த ‘மர்மத் தீவு’ நாவலில் உண்மையை உடைக்கிறார்: நெமோ என்பவர் பந்தேல்கண்டின் இளவரசர் தக்கர், திப்பு சுல்தானின் உறவினர், 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர்.

இது முன்யோசனை இல்லாமல் ஒட்டியது என்பவர்களுக்கு முதல் நாவலிலேயே ஒரு இடத்தைக் காட்டுவேன். நெமோவின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. முத்துப் படுகையில் தன்னந்தனியாக மூழ்கி முத்தெடுக்கும் ஏழை ஒருவரைச் சுறா தாக்க, நெமோ கத்தியோடு பாய்கிறார். காப்பாற்றிய பிறகு அந்த ஆளின் கையில் ஒரு பை முத்துகளையும் கொடுக்கிறார். பிறகு, அவர் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவர், நானும் சாகும் வரை அந்த நாட்டுக்காரன்தான் என்ற பொருளில் சொல்கிறார். பிரெஞ்சில் எழுதப்பட்ட, உலகமே படித்த அறிவியல் சாகச நாவலில், நம் கடலில் முத்துக் குளிக்கும் ஒரு மனிதர் மேல் விழுந்த வெளிச்சம் அது. தமிழ் வாசகர்கள் இதைக் கொண்டாடவே இல்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அடுத்தவர் கதையை எடுத்து எழுதுவது திருட்டு இல்லையா?

இல்லை. வெர்னே அப்படிச் செய்தவர்தான். எட்கர் ஆலன் போ 1838இல் எழுதிய ஆர்தர் கார்டன் பிம்மின் கடற்பயணக் கதைக்கு 1897இல் அவர் ஒரு தொடர்ச்சி எழுதினார். கம்பர் செய்தது என்ன? கதை எங்கிருந்து வந்தது என்று மறைக்காமல் சொல்வதும், தன் பங்குக்குப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும்தான் முக்கியம். சட்டப்படி பார்த்தால், இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. மேலே சொன்ன மூலங்களில் பெரும்பாலானவை எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டன.

தமிழில் ஏன் இப்படி வரவில்லை?

தமிழில் சாகசக் கதைக்கும் பஞ்சமில்லை, அறிவியல் கதைக்கும் பஞ்சமில்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்து ஸ்ரீவிஜயம் வரை கப்பலோட்டிய தலைமுறைகள் உண்டு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைத் தெரியாத வாசகர் குறைவு. ஜெயமோகன் ‘விசும்பு’ தொகுப்பில் நம் மரபான அறிவை அறிவியல் கதைக்குள் கொண்டுவந்தார். ஆனால் இந்த இரண்டு ஓடைகளும் பெரிதாகக் கலக்கவில்லை. சாகசம் என்றால் சோழர் காலம், அறிவியல் என்றால் வரப்போகும் நகரம் என்று நாமே வேலி போட்டுக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறேன். எப்படித் தொடங்குவது?

கல்கியிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய நூல்கள் நாட்டுடைமை, அதனால் தயக்கம் வேண்டாம். ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் நம்ம கடலூர் மாவட்டத்தில்தான்: ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். காஞ்சியிலிருந்து ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலை அவனிடம் இருக்கிறது. இரவு கடம்பூர் மாளிகையில் தங்குகிறான். சிற்றரசர்கள் கூடிச் செய்யும் சதி அவன் காதில் விழுகிறது. மூடிய பல்லக்கில் ரகசியமாக வந்தவர் யார் என்பதும் தெரிகிறது.

இதை இன்னும் முந்நூறு ஆண்டுக்கு அப்பால் வைத்துப் பாருங்கள். முதல் கேள்வி: ஓலையை எதற்கு ஒரு ஆள் கையில் எடுத்துப் போக வேண்டும்? நொடியில் செய்தி அனுப்பலாமே? இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் எழுத வேண்டாம். எனக்குத் தோன்றும் பதில் ஒன்று: எந்தக் குரலையும் எந்த முகத்தையும் எந்தக் கையெழுத்தையும் இயந்திரம் அச்சு அசலாகப் போலி செய்துவிடும் காலம் அது. கம்பியிலோ காற்றிலோ வரும் எதையும் அரசர்கள் நம்புவதில்லை. கையில் வாங்கி, கொண்டுவந்தவன் கண்ணைப் பார்த்தால்தான் நம்பிக்கை. தூதன் மறுபடி முக்கியமாகிவிட்டான் பாருங்கள்.

அடுத்தது மூடுபல்லக்கு. எங்கும் உணர்கருவிகள், ஒவ்வொருவர் உடலிலும் அடையாளச் சில்லு. அப்படியிருக்க ஒரு இளவரசரை எப்படி மறைத்துக் கொண்டுபோவது? உலோக வலையால் முழுக்க மூடிய பெட்டிக்குள் ரேடியோ அலை புகாது, வெளியேயும் வராது. வெளியே இருக்கும் மின்சாரம் இப்படிப்பட்ட கூண்டுக்குள் புகாது என்று மைக்கேல் ஃபாரடே 1836இல் செய்துகாட்டினார்; இதுவும் அதே தத்துவம்தான். ஆக, பல்லக்குத் திரை வெறும் பட்டுத்துணி இல்லை, உலோக இழை நெய்தது. காற்றில் திரை விலகும் அந்த ஒரு நொடியில் வந்தியத்தேவன் கண்ணில் உள்ளே இருப்பவர் படும்போதே, ஊரில் உள்ள எல்லா உணர்கருவிகளிலும் அவர் அடையாளம் பளிச்சென்று விழுந்துவிடும். கல்கியிடம் இல்லாத புது ஆபத்து உங்களுக்குக் கிடைத்துவிட்டது. இங்கிருந்து கதை உங்களுடையது.

வேறு களம் வேண்டுமென்றால், பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுங்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரித் துறைக்கு வந்த கப்பல், வராத கப்பல், அதனால் ஊரில் கிளம்பிய வதந்தி எல்லாம் இருக்கிறது. ஒரு விண்துறைமுகக் கணக்கர் எழுதும் நாட்குறிப்பாக அதை மாற்றி எழுத யாராவது வர வேண்டும் என்று ரொம்ப நாளாக எதிர்பார்க்கிறேன்.

இந்தப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

புதிய நாவல்கள் ஆங்கிலத்தில் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. பெஸ்டரும் ஹைன்லைனும் பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் சாண்டில்யன், சுஜாதா எல்லாம் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். புதுச்சேரியில் இருப்பவர்கள் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். டீஃபோ, துய்மா, வெர்ன் மூவரும் கூட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசம். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த வீடுகளில் துய்மாவையும் வெர்னையும் அங்கே மூலத்திலேயே படிக்கலாம். கல்கி, தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் இருக்கிறார்.